என் இடது கையை வரைந்த 11 வருடங்கள்

போன வாரம் என்னுடைய 34ஆவது ஸ்கெட்ச் புத்தகம் முடிந்தது. புதியதைத் தொடங்கும் முன்னால், அலமாரியில் இருந்த அத்தனையையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான்: என் இடது கை. வலது கை பென்சிலைப் பிடித்திருக்கும், எதிரே சும்மா இருப்பது இடது கை, அதனால் முதல் இரண்டு புத்தகங்களும் தற்செயலாக அப்படித் தொடங்கின. மூன்றாவதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புத்தகம் மாற்றினால் முதலில் கை, அப்புறம்தான் மற்றது.

34 கைகளையும் ஒருசேரப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. தப்பில்லாத படம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் ஐந்தாறு புத்தகங்களில் இருந்த தப்பு பத்தாவதில் இல்லை. பத்தாவதில் இருந்தது இருபதாவதில் இல்லை, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்காக வரைந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்: தப்புகள் மாறும். எந்தத் தப்பு எப்போது போனது, எதனால் போனது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

முதல் கையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அது கோடு போட்ட ஒரு பழைய நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில் வரைந்தது. ஐந்து விரல்களும் ஒரே பருமனில் குழாய் குழாயாக இருக்கின்றன. விரல் முட்டிகள் நான்கும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கையைச் சாய்த்துத்தான் வைத்திருந்திருக்கிறேன், மணிக்கட்டின் கோணத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் ஐந்து நகங்களும் நேராக என்னைப் பார்க்கின்றன. கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் பக்கத்தில் ஒட்டவைத்த ஐந்தாவது குழாயாக இருக்கிறது.

அப்போது எனக்கு 29 வயது. கைதான் படியவில்லை என்று நினைத்தேன். கோடு ஆடாமல் வந்துவிட்டால் படமும் சரியாகிவிடும் என்று பக்கம் பக்கமாக நேர்கோடும் வட்டமும் போட்டுப் பழகினேன். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல், தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்க அப்போதுதான் கற்றேன், அது இன்றுவரை உதவுகிறது. சில மாதங்களில் கோடு நன்றாகவே வந்தது. விரல்கள் மட்டும் குழாயாகவே இருந்தன, முன்னைவிட நேர்த்தியான குழாயாக.

பிரச்சினை கையில் இல்லை, பார்வையில் இருந்தது. 1997இல் டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், பெரும்பாலானவர்களால் ஏன் பார்ப்பதை வரைய முடிவதில்லை என்று ஆராய்ந்தார்கள். கை சொன்னபடி கேட்காதது, எதை வரைவது எதை விடுவது என்று தெரியாதது, வரைந்த படத்தையே தவறாகப் பார்ப்பது, எதிரில் இருக்கும் பொருளைத் தவறாகப் பார்ப்பது என்று நான்கு காரணங்களை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். கையின் பங்கு கொஞ்சம்தான், பொருளைத் தவறாகப் பார்ப்பதுதான் பெரிய காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் கை செய்வது எளிய பாதி. கண் பார்ப்பதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன.

இதை எங்கேயும் போகாமல் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். அதன் வாய் வட்டமானது என்று நமக்குத் தெரியும். ஆனால் நாம் இருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது ஒரு ஒடுங்கிய நீள்வட்டம். வரையச் சொன்னால் பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவே, உண்மையில் தெரிவதைவிட அகலமான ஒரு நீள்வட்டத்தைப் போடுவார்கள். 1931இல் ராபர்ட் தௌலஸ் என்ற உளவியலாளர் இதை அளந்து காட்டினார். சாய்வாகத் தெரியும் வட்டத்தைக் கண்ணுக்குத் தெரிகிறபடி குறிக்கச் சொன்னால், நம் மனம் அதை அதன் நிஜமான வடிவத்தை நோக்கி இழுத்துவிடுகிறது. இன்னொன்று, கோப்பையின் அடிப்பகுதி. அது மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவதால் அடியில் ஒரு நேர்கோட்டைப் போட்டுவிடுவோம். உண்மையில் கண் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க வட்டம் இன்னும் விரிந்து தெரியும், அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். முகத்தில் கண்களை மேலே ஏற்றிவிடுவதும் இதே கதைதான். உச்சந்தலையிலிருந்து மோவாய்வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கின்றன. ஆனால் நெற்றியிலும் தலைமுடியிலும் நமக்கு அக்கறை இல்லாததால் அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறோம்.

என் முதல் கையின் நகங்கள் ஏன் என்னைப் பார்க்கின்றன என்பதற்கும் இதுதான் பதில். நகம் என்றால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிந்ததை ஐந்து முறை எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்து, இரண்டாவது மூன்றாவது வருடங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘தினமும் வரைந்தால் வந்துவிடும்’ என்ற ஒரே அறிவுரையை நம்பி நான் மிகவும் நஷ்டப்பட்டது அந்த இரண்டு வருடங்களில்தான்.

அப்போது ஒரு நாள்கூடத் தவறவில்லை. ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து ஏதோ ஒரு போட்டோவைப் பார்த்து ஒரு பெண்ணின் முகம் வரைவேன். முக்கால்வாசி முகம், இடது பக்கம் திரும்பியது, கூந்தல் ஒரு தோளில் விழுந்திருக்கும். கண் இமை மயிர் ஒவ்வொன்றாகப் போடுவேன். உதட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டு வைப்பேன், ஈரம் மாதிரி தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் எனக்குக் கை வந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா மகள் வந்திருந்தாள். எட்டு வயது. தன்னை வரையச் சொன்னாள். நானும் ஆசையாக உட்கார வைத்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கழுத்து வலித்துவிட்டது.

“சித்தி, நான் இந்தப் பக்கம் திரும்பி உட்காரட்டுமா?”

சரி என்றேன். அவள் வலது பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். புதிய பக்கம் எடுத்தேன். வரவே இல்லை. மூக்கு எங்கே தொடங்குகிறது, தூரத்துக் கண் எவ்வளவு ஒளிந்திருக்கிறது, கன்னம் எங்கே காதைச் சந்திக்கிறது, எதுவும் தெரியவில்லை. இரண்டு வருடமாக 700 முகங்களாவது வரைந்திருப்பேன். என் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கத் தெரியாது. அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது நான் இல்லையே” என்றாள். குழந்தை வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்று ராத்திரி அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டே இருந்தேன். பழக்கம் என்றால் தினமும் செய்து ஊறிப்போனது என்றுதான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘அவர் எனக்கு நல்ல பழக்கம்’ என்கிறோம். அவரோடு பழகியிருக்கிறேன், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும் என்று அர்த்தம். நான் 700 முகங்கள் வரைந்திருந்தேன், ஒரு முகத்தோடும் பழகியிருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கைப்பழக்கம் என்பது இந்த இரண்டாவது பொருளில்தான்.

மறுநாள் முதல் போட்டோக்களை ஓரம் வைத்துவிட்டு, முன்னால் இருப்பதை மட்டும் வரைய ஆரம்பித்தேன். செருப்பு, சாவிக்கொத்து, நாற்காலி, கசங்கிய துண்டு. கூடவே தினமும் ஒரு தடவை இடது கை. படங்கள் சட்டென்று அசிங்கமாகிவிட்டன. பாராட்டும் நின்றுபோனது. ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் கற்றதுதான் இன்றும் என் கையிருப்பு. அதில் மூன்று பயிற்சிகளை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவற்றை எங்கே வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. பென்சிலைத் தாளில் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, கண்ணை மணிக்கட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். ஒரு எறும்பு அந்த ஓரத்தில் ஊர்ந்து போவதாக நினைத்துக்கொண்டு கண்ணை மெதுவாக நகர்த்தினால், அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். நடுவில் தாளைப் பார்க்கக் கூடாது. முடித்துப் பார்த்தால் விரல்கள் ஒன்றோடொன்று சேராமல், பக்கத்தைத் தாண்டிக்கூடப் போயிருக்கும். அது பரவாயில்லை. அந்தக் கோட்டின் ஒரு அங்குலத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் நேராக இருக்காது, மூன்று சின்ன மேடுகளாக ஏறி இறங்கும். ஒவ்வொரு மடிப்பிலும் தோல் உள்ளே போய் வெளியே வரும். என் வாழ்நாளில் நான் அதுவரை அந்த விரலைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பத்து நிமிடம் அப்படி வரைந்தால் கண் களைத்துவிடும், அந்தக் களைப்பு நல்ல அறிகுறி.

இரண்டு, வெற்றிடத்தை வரைவது. இதை நெகட்டிவ் ஸ்பேஸ் என்பார்கள். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு விரல்களை மறந்துவிட வேண்டும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இருக்கும் காலி இடம் என்ன வடிவம்? மேல்புறம் அகன்று, கீழே குறுகி, அடியில் தோல் சேரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு. அந்த வடிவத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அது எப்படி இருக்கும் என்று மனதுக்கு முன்கூட்டியே ஒரு முடிவும் கிடையாது. எனவே கண் சொல்வதை மனம் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறது. நான்கு காலி இடங்களையும் சரியாக வரைந்துவிட்டால் ஐந்து விரல்களும் தானாக வந்து நிற்கும். நாற்காலிக்கு இது இன்னும் பிரமாதமாக வேலை செய்யும். கால்களை வரையாமல் கால்களுக்கு நடுவே தெரியும் தரையை வரைந்தால் போதும்.

மூன்றாவது அளப்பது. கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் அளவெடுப்பது. முழங்கை மடங்கினால் அளவே மாறிவிடும். இதைப் பல பேர் செய்ய வெட்கப்படுகிறார்கள், அளந்து வரைவது திறமைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்து வருடம் பென்சிலால் அளந்த பிறகுதான் பென்சில் இல்லாமலே கண் அளக்க ஆரம்பித்தது.

இத்தனைக்கும் பிறகு கையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் முடியவில்லை. ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. மற்ற விரல்களுக்கு மூன்று துண்டு, கட்டைவிரலுக்கு இரண்டே துண்டு. முட்டிகள் நேர்கோட்டில் இல்லை, நடுவிரலை உச்சியாகக் கொண்ட ஒரு வில்லில் இருக்கின்றன. சுண்டுவிரலின் நுனி, மோதிர விரலின் கடைசி மடிப்புக்குப் பக்கத்தில்தான் வரும். புறங்கையிலிருந்து பார்த்தால் விரல்கள் நீளமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே விரல் முட்டியிலிருந்து தொடங்குகிறது. உள்ளங்கையைத் திருப்பினால் அதே விரல் குட்டையாகிவிடும், இடையில் இருக்கும் தோல் பாதி தூரத்தை மறைத்துவிடுகிறது. இதையெல்லாம்விட என்னை உட்கார வைத்தது கட்டைவிரல். கையை மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். நான்கு நகங்கள் கூரையைப் பார்க்கும், கட்டைவிரலின் நகம் பக்கவாட்டில் பார்க்கும். அது வேறு திசையில் திரும்பி நிற்கும் விரல். என் ஒன்பதாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில்தான் முதன்முறையாக அந்த நகம் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எலும்பையும் தசையையும் படித்தது எவ்வளவு உதவியதோ அவ்வளவு கெடுத்தும் வைத்தது. பத்தாவது, பதினொன்றாவது புத்தகங்களின் கைகளில் ஒவ்வொரு நரம்பும் முட்டியும் துல்லியமாக இருக்கிறது, கை மட்டும் செத்துக் கிடக்கிறது. பழைய ‘தெரிந்ததை வரையும்’ தப்பு, கொஞ்சம் படித்த வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதைச் சரிசெய்தது ஒரு நிமிட ஸ்கெட்சுகள். பொது இடங்களில் உட்கார்ந்து, 30 வினாடி, ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில் ஆட்களை வரைவது. ஆள் அசைந்துவிடுவார், எழுந்து போய்விடுவார். விரலை எண்ண நேரம் இருக்காது. எடை எந்தக் காலில் இருக்கிறது, முதுகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான் பிடிக்க முடியும். ஆறு மாதம் அதைச் செய்த பிறகு வரைந்த கையில் விரல்களின் எண்ணிக்கைகூடத் தெளிவாக இல்லை, ஆனால் அது எதையோ பிடிக்கப் போகிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது.

கருவிகளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்பி, 2பி, 6பி மூன்று பென்சில் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். இந்த எண்கள் எல்லாம் கிராஃபைட்டில் களிமண் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தவை. களிமண் கூடினால் பென்சில் கடினம், குறைந்தால் மென்மை, கறுப்பு. 1795இல் பிரான்சில் கான்டே என்பவர் இந்தக் கலவை முறைக்கு உரிமை பெற்றார். போரினால் இங்கிலாந்தின் சுத்தமான கிராஃபைட் வராமல் போனதுதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. தாளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பயிற்சிக்கு விலை உயர்ந்த தாள் வேண்டாம். நல்ல தாளைப் பார்த்தால் கை பயப்படும். ஒரு வருடம் முழுக்கப் பேனாவில் மட்டும் வரைந்ததும் எனக்கு மிகவும் உதவியது. ரப்பர் இல்லை என்று தெரிந்தால், கோடு போடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வினாடி பார்ப்போம்.

ஐந்தாவது வருடம் எல்லாம் நின்றுபோனது.

இப்போது திரும்பிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. கண் வேகமாக வளர்ந்துவிட்டது, கை பின்தங்கிவிட்டது. முன்பு படம் முடிந்ததும் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். இப்போது பாதியிலேயே ஐந்து தப்பு தெரிந்தது, எதையும் சரிசெய்யத் தெரியவில்லை. எனக்குப் படம் வரையும் திறமையே இல்லை என்று மனதார நம்பினேன். ஐந்து வாரம் பென்சிலைத் தொடவில்லை. அந்த ஐந்து வாரமும் என் கண் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பவரின் காதைப் பார்த்தால், அதன் உள்மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தானாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. அதை விட முடியவில்லை என்பதால்தான் திரும்பி வந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வந்தபோது கோட்டை விட்டுவிட்டு நிழலில் ஆரம்பித்தேன். அதுவரை என் ஷேடிங் எல்லாம் கோட்டுப் படத்துக்குப் பூசிய சாம்பல் நிறம்தான். மேசை விளக்கை ஒரு பக்கமாக வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, கையை அதன் கீழே வைத்தேன். கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு கூட்டம், இருட்டு ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரியும். மூன்றே தொனிகள் என்று வைத்துக்கொண்டேன்: தாளின் வெள்ளை, ஒரு நடுச்சாம்பல், ஒரு கறுப்பு. மூன்றில்தான் முழுக் கையும் வர வேண்டும். அப்போதுதான் நான் எவ்வளவு பயந்து பயந்து நிழல் போட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. என் மிகக் கறுப்பான இடம், நிஜத்தில் நடுச்சாம்பலாகத்தான் இருந்தது.

இதில் எனக்கு மிகவும் நாள் எடுத்தது விரலின் அடிப்பக்கம். மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நிழலில் இருக்கும் விரலின் அடியில் லேசாக ஒளிரும். இருட்டுக்கு நடுவே இருப்பதால் அது பளிச்சென்று தெரியும், நானும் பளிச்சென்றே விட்டுவிடுவேன். விரல் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் படத்தையும் கையையும் போனில் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ஒளிர்ந்த இடம், வெளிச்சப் பக்கத்தின் மங்கலான இடத்தைவிடவும் இருட்டாக இருந்தது. நிழலுக்குள் இருக்கும் வெளிச்சமும் நிழல்தான். அதைப் புரிந்துகொண்ட பிறகு வரைந்த கை, பதினெட்டாவது புத்தகத்தில் இருக்கிறது. தரையில் வைத்திருந்த 34இல் அது மட்டும்தான் தாளிலிருந்து எழுந்து வருவதுபோல இருந்தது.

அந்தக் காலத்தில்தான் மற்றவர்கள் எப்படிப் பழகினார்கள் என்று தேடிப் படித்தேன். ஜெர்மனியில் அடோல்ஃப் மென்செல் என்று ஒரு ஓவியர் இருந்தார், 1815இல் பிறந்து 1905இல் இறந்தவர். ஸ்கெட்ச் புத்தகங்களை வைக்கவே மேல்கோட்டில் பைகள் வைத்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் வரைந்தவர். இரண்டு கையாலும் வரைவார். 1864இல் தன் வலது கையையே வரைந்திருக்கிறார், அந்தக் கையில் வண்ணக் கிண்ணம் இருக்கிறது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தன் கையை முதன்முறை பார்ப்பதுபோல ஒவ்வொரு சுருக்கத்தையும் பார்த்திருக்கிறார். என்னை உலுக்கியது வான் கோவின் கதை. அவர் ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களை வாங்கி, அவற்றைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்து பழகினார். பத்து வருடம் கழித்து, 1890இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், அதே பார்க்கின் பயிற்சிகளைத் தம்பி தியோவிடம் மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார். அதற்குள் இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்து முடித்திருந்தார். அப்படிப்பட்டவருக்கும் முதல் பாடம் தேவைப்பட்டது என்று படித்த அன்று, ஐந்தாவது வருடத்தின் கசப்பு முழுக்கக் கரைந்தது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் 1520களைச் சேர்ந்த ஒரு தாள் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ வரைந்து காட்டியதும், சீடர் அந்தோனியோ மினி அதைப் பார்த்து வரைந்ததும் அதில் இருக்கின்றன. அடியில் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: “வரை அந்தோனியோ, வரை அந்தோனியோ, வரை, நேரத்தை வீணாக்காதே.” அதட்டல்தான். எனக்கென்னவோ மூன்றாவது ‘வரை’யில் பிரியம் கேட்கிறது.

எவ்வளவு நேரம் வரைய வேண்டும் என்றும் கேட்பார்கள். என் கணக்கு 20 நிமிடம். வேலை அதிகமான நாட்களில் ஐந்து. வரையாத நாட்களும் நிறைய உண்டு. 11 வருடத்தில் 4,000 நாள் வருகிறது, என்னிடம் இருப்பது ஏறக்குறைய 3,400 பக்கங்கள். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு மடங்கு வரைய மாட்டேன், அது தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஒன்றை விடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் தேதி போட்டு, அன்றைய படத்தில் கண்ணுக்குப் பட்ட ஒரு தப்பை ஒரே வரியில் எழுதுவேன். ‘மணிக்கட்டு தடிமன்.’ ‘தூரத்துத் தோள் மேலே போய்விட்டது.’ ‘நிழல் போடப் பயந்தேன்.’ மறுநாள் பென்சிலை எடுக்கும்போது முதலில் அந்த வரியைப் படிப்பேன். அதை மட்டும் சரிசெய்யப் பார்ப்பேன், மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் சரி. அந்தப் பெண் முகங்களை வரைந்த இரண்டு வருடங்களில் இந்த ஒரு வரி இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டினால் வித்தியாசம் அங்கே தெரிகிறது. எழுதத் தொடங்கிய பிறகு ஒரே வரி அதிகபட்சம் சில மாதங்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறது, பிறகு காணாமல் போகிறது.

தரையில் கிடந்த 34 கைகளில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. பத்தொன்பதாவது புத்தகத்திலிருந்து ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு தழும்பு வருகிறது. எப்போது பட்ட காயம் என்று எனக்கு நினைவே இல்லை, ஆனால் பதினெட்டாவதில் இல்லை. இருபத்தைந்துக்குப் பிறகு புறங்கை நரம்புகள் மேலே தெரிகின்றன. முப்பதுக்கு மேல் முட்டிகளின் மேல் தோல் சுருங்கியிருக்கிறது. முதலில் அதை நான் நன்றாக வரையக் கற்றதன் அடையாளம் என்று நினைத்தேன். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தேன். கையும் மாறியிருக்கிறது. மாறுவதைப் பார்க்கிற அளவுக்கு நான் பழகிய நேரத்தில்தான் அது மாறியிருக்கிறது.

நேற்று அக்கா மகள் வந்திருந்தாள். இப்போது 17 வயது. தரையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்து, “இது எல்லாமே உங்க கையா சித்தி?” என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். 35ஆவது புத்தகத்தின் முதல் பக்கம் காலியாக இருந்தது. நான் மேசையில் கையை வைத்ததும், கேட்காமலே தன் இடது கையையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் வரைந்தேன். 40 நிமிடம் ஆனது, அவள் அசையவில்லை. என் கையில் கட்டைவிரலின் அடிச்சதை மேடாக வராமல் சப்பென்று போய்விட்டது, வருடக்கணக்கில் வராத இடம் அது. அவள் கையில் அதே இடம் வந்திருக்கிறது, விளக்கு வெளிச்சம் அதன்மேல் உருண்டு இறங்குகிறது. தேதி போட்டு, கீழே இரண்டையும் எழுதி வைத்தேன்.